நாரைகள் எழுந்த பக்கம்

ஐப்பசி மழையில் குளம் நிறைந்து நிற்கும்போது கரையில் தனியாக நடக்க எனக்கு இன்றும் பயம். தண்ணீரைப் பார்த்து வருகிற பயம் இல்லை. எதிரே வருகிறவன் எந்த ஊர்க்காரன், அவன் கையில் என்ன இருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடுகிறது. சில வருஷங்களுக்கு முன் தீபாவளி விடுமுறையில் பறவைகளைப் படம் எடுக்கப் போன இடத்தில் என்னைக் கரையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். அதிலிருந்து இப்படி ஆகிவிட்டது.

தென்காசியிலிருந்து சுரண்டை போகிற பாதையை விட்டு வடக்கே தள்ளி அந்தக் குளம் இருக்கிறது. குளத்துக்கு மேற்கே எங்கள் ஊர். கிழக்கே, கரைக்கு அடியில், இன்னொரு ஊர். நாங்கள் அவர்களைக் கீழூர்க்காரன் என்போம், அவர்கள் எங்களை மேலூர்க்காரன் என்பார்கள். குளம் அவர்களுடையது. தண்ணீரும் அவர்கள் வயலுக்குத்தான் பாயும். அளவுக்கு மேல் பெருகினால் மட்டும் அது பின்னுக்கு ஏறி எங்கள் வயல்களில் வந்து நிற்கும், பிசானப் பட்டத்துக்கு நட்ட நெல் நாற்று அழுகும். மிஞ்சின தண்ணீர் வெளியே போக மறுகால் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கீழூர்க்காரர்கள் மறுகாலின் மேல் மண்ணோடு பெயர்த்த புல்கட்டையும் பனந்தடியும் அடுக்கி இன்னும் ஒரு முழம் தேக்கிக்கொள்வார்கள். மாசி மாதத்துக் கடைசித் தண்ணீருக்கு ஏங்குகிறவர்கள் அவர்கள். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் நியாயந்தான். எங்கள் ஊரில் அந்தப் பக்கம் நின்று பார்த்தவர் யாரும் இல்லை.

கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் போதும், விடிவதற்குள் எங்கள் வயல் வடிந்துவிடும். கீழூர் வயலும் கரையடி வீடுகளும் என்ன ஆகும் என்பது சொல்லாமலே தெரியும். இந்தப் பேச்சு எங்கள் ஊரில் ஒவ்வொரு மழைக்கும் உண்டு. அதனால் குளம் நிறைந்ததும் கீழூரில் கரைக்குக் காவல் போட்டுவிடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்றால், தெரியும். ஆனால் அது என்னைச் சேர்ந்த விஷயம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளி இறுதி வகுப்பு வரை தென்காசியில் தங்கிப் படித்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சயன்ஸ் வகுப்புச் சாமான்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையும் தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. புத்தகத்தைப் பிடித்தவனுக்கு மேலூரும் இல்லை, கீழூரும் இல்லை என்று மனதார நம்பியிருந்தேன்.

காமிரா எங்கள் சயன்ஸ் வாத்தியாருடையது. மூன்று கால் ஸ்டாண்டு, கருப்புத் துணி, கண்ணாடி பிளேட்டுகள் போட்ட உறைகள், அழுத்தினால் கண் திறந்து மூடுகிற ரப்பர்ப் பந்து. குற்றாலத்து அருவியை எத்தனையோ பேர் படம் எடுத்துவிட்டார்கள், நம் குளத்துக்கு வருகிற பறவைகளை யாரும் எடுத்ததில்லை, நீ எடுத்து வா, வகுப்பில் மாட்டலாம் என்று அவர் சொன்னார். வேலையை நிரந்தரம் ஆக்க அது உதவலாம் என்றும் சொன்னார். கோடை முழுவதும் நான் அந்தக் குளத்தைச் சுற்றி வந்திருக்கிறேன். முக்குளிப்பான் எங்கே மூழ்கி எங்கே எழும், அரிவாள் மூக்கன் எந்தச் சேற்றில் மேயும் என்பது வரை பார்த்து வைத்திருந்தேன். அப்போதெல்லாம் யாரும் என்னை ஏன் என்று கேட்டதில்லை. குளத்தில் தண்ணீர் அடியில் குட்டையாக மட்டும் கிடந்த காலம் அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், தொழுவத்தில் என் அண்ணனும் எங்கள் தெரு ஆட்களும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"கருவேலங் கூட்டத்துக்கு அங்கிட்டுக் கரை மெலிஞ்சு கெடக்கு. நாலு ஆளு போதும்," என்றான் அண்ணன்.

"மழை வலுக்கட்டும். மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது," என்றான் ஒருவன்.

வருஷா வருஷம் கேட்கிற பேச்சுதானே என்று நான் உள்ளே போய்ப் பிளேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி கழிந்த மறுநாள் விடியக்காலை, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடுகிற ஓடையைத் தாண்டி, குளத்தின் வடகோடியைச் சுற்றிக் கரைக்குப் போனேன். மேற்கே மலை தெரியவில்லை. குற்றாலத்துப் பக்கம் முழுவதும் ஒரே கருப்பாக இறங்கி நின்றது. குளத்தில் சிறகி வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதந்தன. கரை வளைகிற இடத்தில் தண்ணீருக்குள் கருவேல மரங்கள் அடர்ந்து நிற்கும். அதில்தான் நாரைகள் அடையும். மரங்களுக்கு இந்தப் பக்கம், கரைச் சரிவில், தண்ணீர் ஓரமாக இடம் பார்த்தேன். காமிராவுக்குத் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற கண் கிடையாது. பறவைதான் கிட்டே வர வேண்டும். வர வேண்டுமென்றால் ஆள் தெரியக் கூடாது. ஓலைத் தட்டி கொண்டுபோயிருந்தேன். தட்டியை நட்டு நிறுத்த வீட்டிலிருந்து ஒரு கடப்பாரையும் எடுத்துப் போயிருந்தேன். நிறைந்து நிற்கிற குளத்தின் கரையில், மேலூர்க்காரன் ஒருவன், கடப்பாரையால் குழி போட்டான். அதை இப்போது எழுதும்போதே கை கூசுகிறது. அன்று எனக்கு நாரையைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

கருப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, குளம் மேலே. நடுவில் ஒரு சாம்பல் நாரை, தண்ணீரிலிருந்து தொங்குகிற மாதிரி அசையாமல் நின்றது. ரப்பர்ப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி இருந்தேன். நாரை கழுத்தைச் சட்டென்று நீட்டியது. எழுந்து போய்விட்டது. என்ன என்று பார்ப்பதற்குள் கண்ணாடியின் மேல் ஓரத்திலிருந்து மனிதக் கால்கள் தலைகீழாக இறங்கின. இரண்டு கால்கள், பிறகு இன்னும் இரண்டு. சேறு அப்பின கால்கள். நான் துணிக்குள்ளேயே இருந்தேன். வெளியே வராவிட்டால் அந்தக் கால்கள் போய்விடும் என்று ஒரு நினைப்பு.

"ஏலே, வெளிய வா," என்று குரல் கேட்டது.

துணியை யாரோ பிடுங்கினார்கள். தலையில் சாக்குக் கொங்காணி போட்ட பெரியவர் ஒருவர், கையில் வேல்கம்பு. பக்கத்தில் என் வயசிருக்கும் ஒருவன். அவர் கரைக்காவலுக்குத் தலைவர் என்பதும் இவன் அவர் மருமகன் என்பதும் பேச்சிலிருந்து பிறகு தெரிந்தது. மருமகன் என் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டான்.

"மாமா, கம்பியப் பாருங்க. கரையில குழி போட்டிருக்கான் சவத்துப் பய."

"தட்டி நட்டேன் அண்ணாச்சி. பறவைக்கு ஆளு தெரியக் கூடாதுன்னு," என்றேன்.

"எதுக்கு?" என்றார் பெரியவர்.

"படம் புடிக்க."

"என்ன படம்?"

"நாரை படம்."

"சுட்டுத் திங்கவா?"

"இல்ல அண்ணாச்சி. பாக்கதுக்கு."

அவர் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். "அன்னா நிக்கில்லா நாரை. பாத்துட்டுப் போக வேண்டியதுதான. படம் எதுக்கு?"

பிறகு எந்த ஊர் என்று கேட்டார். தென்காசி என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. அவர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"தென்காசிக்காரனுக்கு இந்த மூக்கு ஏது. இது மேலூரு வடக்குத் தெரு மூக்குல்லா," என்றார்.

மருமகன் கடப்பாரையை ஓங்கியே விட்டான். பெரியவர் கையை மட்டும் நீட்டினார், அவன் நின்றான். அவர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சிரித்தார். அடிக்கப் போகிறார்கள் என்று இருந்ததைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

"இது படிச்ச புள்ளைல்லா. தென்காசிப் பள்ளிக்கூடத்துல உத்தியோகம் பாக்குத புள்ள. மேலூருக்கே ஒண்ணுதான் இப்படி."

"கட்டிப் போடவா மாமா?"

"எதுக்குலே கட்டணும், கோட்டிக்காரப் பயலே. தம்பி நமக்கு விருந்தாளி." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ உம்பாட்டுக்குக் கொக்கைப் பாரு, படம் புடி. ஆரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாக. எந்திரிச்சு மட்டும் போயிராத. மழை வெறிக்க வரைக்கும் இங்கன இரு. தம் புள்ள உக்காந்திருக்க கரையை உங்க ஊர்க்காரன் வெட்ட மாட்டாம்லா?"

இவ்வளவுதான். அடி இல்லை, கயிறு இல்லை. ஒரு ஆளைக் கூப்பிட்டு மேலூருக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். உங்கள் வடக்குத் தெருப் பிள்ளை எங்கள் கரையில் சௌக்கியமாக இருக்கிறான், கரை இருக்கும் வரை அவனும் இருப்பான் என்று சொல்லச் சொன்னார். என்னைக் கூட்டிப்போய்க் கருவேலங் கூட்டத்தை ஒட்டி, கரை வளைகிற இடத்தில், ஒரு பலகை போட்டு உட்கார வைத்தார். மழைக்கு ஓலைத் தட்டியைச் சாய்த்துக் கட்டித் தந்தார்.

அந்த இடம் எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அண்ணன் தொழுவத்தில் சொன்ன இடம். அவன் பேச்சு அப்போதுதான் எனக்கு வெறும் பேச்சாக இல்லாமல் போனது. கரை அங்கே மெலிந்துதான் கிடந்தது. உள்பக்கம் தண்ணீர் உட்கார்ந்தபடியே கை நனைக்கிற உயரத்தில் நின்றது. வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தால் ஆழத்தில் கீழூர் வயல்கள், அதற்கப்பால் கூரைகள், ஒரு வீட்டு முற்றத்தில் யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு மோட்டைவிட குளத்துத் தண்ணீர் உயரத்தில் இருந்தது.

காலையில் எனக்குப் பயம் ஒரு அளவோடு இருந்தது. தகவல் போய்விடும், அண்ணன் கேட்பான், வெட்ட மாட்டான் என்று நம்பினேன். அண்ணன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் என்னைப் படிக்க வைத்தவன். அவன் உழுததில்தான் என் புத்தகம் வந்தது. ஆனால் கூடவே இன்னொரு எண்ணமும் வந்துபோனது. கூட வருகிற மற்ற ஆட்களுக்கு நான் யார்? பச்சை நாற்று மூழ்கிக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குப் போன அடுத்த வீட்டுப் பையன் ஒருவனின் உயிர் எவ்வளவு பெரிது?

மத்தியானம் கம்பஞ்சோறும் துவையலும் வந்தன. பெரியவர் நல்லபடியாகவே பேசினார். காமிராவுக்குள் என்னதான் தெரிகிறது என்று கேட்டுத் துணிக்குள் தலையை விட்டார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

"ஏலே, எங்க குளத்தைத் தலைகீழால்லா தொங்கப் போட்டிருக்கே," என்றார் உள்ளேயிருந்து. "குளம் மேல, வானம் கீழ. தண்ணி எல்லாம் கொட்டிப் போவாதா?"

"படத்துல நேரா வரும் அண்ணாச்சி."

"வந்தாச் சரி. இப்படியே வந்துச்சுன்னா உன்னை வெளிய விட மாட்டேன் பாத்துக்கோ."

மருமகன் மட்டும் காமிரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் மரத்துக்குப் பின்னால் போனான். "செத்தவனைத்தான் நாக்காலியில வச்சுப் படம் புடிப்பாக. என்னைப் புடிச்சே, உன் பொட்டியத் தண்ணிக்குள்ள போட்டுருவேன்," என்றான்.

நான் படம் எடுத்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் எடுத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்ததால் பறவைகளுக்கு நான் கரையில் கிடக்கிற ஒரு சாமான் ஆகிவிட்டேன். நாமக்கோழிகள் குஞ்சைக் கூப்பிடுகிற குரலில் கொக்கரித்துக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் போயின. நீர்க்காகம் ஒன்று பட்டுப்போன கொம்பில் சிறகை விரித்துப்போட்டு, மழை விட்ட இடைவெளியில் காய்ந்தது. கோடையெல்லாம் எதற்கு ஏங்கினேனோ அது எதிரே இருந்தது. ரப்பர்ப் பந்தை அழுத்தினேன், கண் அதில் நிற்கவில்லை. நீர்க்காகத்தைப் பார்க்கிற நேரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்றே மனம் ஓடியது. பெரியவர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டிருந்தார். குச்சி கொஞ்சங் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் நெருங்கும்போது, மேலூருக்குப் போன ஆள் இடுப்பு வரை சேறாகத் திரும்பி வந்தான்.

"ஓடை ரெண்டு கரையும் தொட்டுப் போகுது மாமா. இறங்க முடியல. வடக்கால சுத்திப் பாத்தேன், அங்கனயும் அப்படித்தான். தாக்கல் சொல்லல," என்றான்.

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. மருமகன் பார்த்தான்.

நான் இங்கே இருப்பது அண்ணனுக்குத் தெரியாது. பறவை பார்க்கப் போனவன் மழைக்குத் தென்காசிக்கே போயிருப்பான் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். மழை வலுத்துவிட்டது. ஓடை மற்றவர்களுக்குத்தான் தடை. எங்கள் தெரு ஆட்களுக்கு அந்த ஓடையின் ஒவ்வொரு திட்டும் தெரியும். அவர்கள் வருவார்கள், இந்த இடத்துக்குத்தான் வருவார்கள். கரை வாய் திறந்தால் முதலில் போகிறவன் நான். அதற்குப் பிறகு அந்த முற்றமும் கோழியும்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன், இங்கன என்ன?"

"தூவானம் அடிக்கி."

பெரியவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "எல்லா எடத்துலயும் அடிக்கில்லா. இந்த எடத்துக்கு மட்டும் என்ன?"

இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அண்ணனைக் காட்டிக் கொடுத்தது ஆகும். காவலை இங்கே குவிப்பார்கள். வேல்கம்போடு இருட்டில் காத்திருப்பார்கள். பேசாமல் இருந்தால் கரை போகும். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்று உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது அடைகிற நேரம் பறவைகள் வந்தன. கொக்குகள் முதலில், வரிசை வரிசையாக. பிறகு நாரைகள், ஒவ்வொன்றாக, காலைத் தொங்கவிட்டுக் கருவேல மரத்தில் இறங்கி, இடத்துக்குச் சண்டை போட்டு, கழுத்தைச் சுருக்கி அமர்ந்தன. கரையில் எங்கோ ஆள்காட்டிக் குருவி கத்தியது. அது பகல் முழுவதும் கத்திக்கொண்டுதான் இருந்தது. காலையில் அது கத்தும்போதெல்லாம் எழுந்து ஓடின காவல்காரர்கள், இப்போது தலைகூடத் திருப்பவில்லை. பெரியவரும் மருமகனும் குச்சிப் பக்கம் குனிந்திருந்தார்கள்.

நான் நாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கத் தைரியமில்லை.

வளைவுக்கு அந்தப் பக்கத்து மரத்தில் கடைசியாக இருந்த நாரை கழுத்தை நீட்டியது. சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கிளையை விட்டு இறங்குகிற மாதிரி சாய்ந்து, தண்ணீரை ஒட்டிப் பறந்து போய்விட்டது. அதை அடுத்தது எழுந்தது. அதற்கு அடுத்தது. கழுகு வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கூச்சலோடு எழும். இது அப்படியில்லை. ஒரு பக்கத்திலிருந்து, ஓரத்து மரம் முதல், ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தது. கோடையில் நான் பதுங்கிப் பதுங்கிப் போகும்போது அவை என்னைக் கண்டு இப்படித்தான் எழுந்து போகும். யாரோ குனிந்து, மெதுவாக, கரையை ஒட்டி வருகிறார்கள். இந்தக் கரையில் அது என் ஒருவனுக்கு மட்டுந்தான் தெரிந்திருந்தது.

மழைச் சத்தத்துக்குள் மண்ணில் ஏதோ பதிகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டதா, நினைத்ததா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"அண்ணாச்சி," என்று கத்தினேன். எனக்கு இருக்கிற குரல் முழுவதும் அதில் போய்விட்டது. "சோறு எப்ப வரும் அண்ணாச்சி? மேலூர்க்காரனை இந்தக் கரையில உக்கார வச்சுப் பட்டினி போடுதீகளே, இது நல்லாவா இருக்கு?"

பெரியவர் திடுக்கிட்டு எழுந்தார். மருமகன் ஓடி வந்தான்.

"ஏன்லே இந்தக் கத்துக் கத்துதே? நாங்க என்ன செவிடா?"

"பசிக்கி," என்று மறுபடியும் கத்தினேன். "காலையிலருந்து இந்தக் கருவேலங் கூட்டத்துல ஒத்தையில உக்காந்திருக்கேன். எங்க அண்ணன் அறிஞ்சா மனசு பொறுப்பானா?"

"மத்தியானம் ரெண்டு ஆளு சோத்தைத் தின்ன பயலுக்குப் பேச்சைப் பாரு," என்றான் மருமகன். "பொழுது அடைஞ்சா எல்லாருக்குந்தான் பசிக்கும். வாயை மூடு, மூதி."

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு கருவேல மரங்களைப் பார்த்தார். காலியான மரங்கள் அவர் கண்ணில் பட்டனவா என்று தெரியவில்லை. கையிலிருந்த வேல்கம்பைத் தூக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

பிறகு நாங்கள் மூன்று பேரும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கரையில் கையை ஊன்றியிருந்தேன். மண் அசைகிறதா என்று உள்ளங்கையால் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் கேட்டிருக்குமா? கேட்டாலும் என் குரல் என்று தெரிந்திருக்குமா? கூட வந்தவர்கள் நிற்க விடுவார்களா?

எவ்வளவு நேரம் போனதோ. இருட்டு முழுவதும் விழுவதற்கு முன், ஒரு நாரை திரும்பி வந்தது. வளைவுக்கு அந்தப் பக்கத்து ஓரத்து மரத்துக்கு மேலே வட்டம் போட்டது. இறங்கவில்லை. இன்னொரு வட்டம் போட்டது. நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிற எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மூன்றாவது வட்டத்தில் காலைத் தொங்கவிட்டுக் கிளையில் உட்கார்ந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. அந்தக் கிளைக்கு அடியில் இப்போது யாரும் இல்லை.

ராத்திரி சோறு வந்தது. கத்திக் கேட்ட சோறு ஒரு கவளம் இறங்கவில்லை.

விடியும்போது மழை வெறித்து ஓய்ந்துவிட்டது. பெரியவர் கடப்பாரையை என் கையில் கொடுத்துப் போகச் சொன்னார். ஓடைத் தண்ணீருக்குப் பயந்து காமிராவை ஓலைத் தட்டிக்கு அடியிலேயே விட்டுப் போனேன். வடகோடியைச் சுற்றி, ஓடை வடிந்த இடத்தில் இறங்கி, எங்கள் வயலுக்கு வந்தேன். அது வயலாக இல்லை. நாற்றின் நுனிகூடத் தெரியாமல் குளம் எங்கள் வரப்புகளின் மேல் கிடந்தது. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிதந்துபோகிற நாற்றுகளைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"ரெண்டு வெட்டு விழுந்துட்டுலே," என்றான். "பொறவுதான் உன் சத்தம் கேட்டுச்சு."

"அதை மூடினியா அண்ணே?"

"எங்கன மூட. நான் வெட்டை நிறுத்திட்டேன். கூட வந்தவனுக விடல. ஒருத்தன் காலைப் புடிச்சுட்டேன். அடிச்சுப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வெட்டு அப்படியே கெடக்கு. தண்ணி இன்னும் ஒரு சாண் ஏறினாத் தானாவே எடுத்துரும்."

இரண்டு பேரும் மேற்கே பார்த்தோம். மலை இன்னும் தெரியவில்லை. அண்ணன் நாற்றைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தான். நான் முன்னால் நடந்தேன். வந்த வழியிலேயே திரும்பிப் போனோம். நேற்று எனக்கு இருந்த பயம் ஒரு வகை. மண்வெட்டியோடு ஒரு மேலூர்க்காரனைப் பட்டப்பகலில் அந்தக் கரைக்குக் கூட்டிப்போகிற பயம் வேறு வகை. கால் நடந்துகொண்டிருந்தது, மற்றதெல்லாம் பின்னுக்கு இழுத்தது.

மருமகன்தான் முதலில் பார்த்தான். கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே இன்னும் சிலர். நான் அண்ணனுக்கு முன்னால் நின்றுகொண்டு, "மண்ணு போட வந்தோம், மண்ணு போடத்தான் வந்தோம்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் வந்தார். அண்ணன் வளைவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கரையின் உச்சியில் குழி. மண்வெட்டியின் வாய் பதிந்த இடம், வெண்ணெயை வழித்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதன் விளிம்பை அப்போதே தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழிக்குள் கையை விட்டுத் தடவினார். நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"நண்டு," என்றார்.

"நண்டா?" என்றான் மருமகன். "மாமா, மம்பட்டி வாயி தெரியுது."

"நான் நண்டுன்னா நண்டு. மேலூரு நண்டுக்கு மம்பட்டி வாயிதான் இருக்கும். மண்ணைப் போடுங்கலே."

ஒருவரும் அசையவில்லை. அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, தோளுல வச்சிருக்கதை அழகுக்கா வச்சிருக்கே? கீழ எறக்கு."

அண்ணன் வெளிச்சரிவில் இறங்கி மண்ணை வெட்டிக் கொடுத்தான். கீழூர்க்காரர்கள் கூடையில் வாங்கிப் போட்டார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழி நிறைந்ததும் அண்ணனும் மருமகனும் மேலே ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் நின்று மிதித்தார்கள். மறுகாலில் ஒரு வரிசைப் புல்கட்டையை எடுத்துவிடச் சொல்லிப் பெரியவர் ஆள் அனுப்பினார். அன்றைக்கு எடுத்தார்கள். அடுத்த மழைக்குத் திரும்ப வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மிதிக்கிற இருவரையும் பார்த்துக்கொண்டே பெரியவர் என் தோளில் தட்டினார்.

"தம்பி, கொக்கை எல்லாம் புடிச்சியே. இதை ஒண்ணு புடியேன். ரெண்டு ஊர்க்காரனும் ஒரே எடத்துல மிதிக்கது இனி எப்ப வாய்க்கப் போகுது."

மருமகன் இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் போகவில்லை. மிதிப்பதை நிறுத்தி, கொங்காணியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றான். அண்ணன் மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி, புது மண்ணின் மேல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். படத்தில் பதியப்போவது, நிறைந்த குளத்தின் கரையில் மண்வெட்டியோடு நிற்கிற ஒரு மேலூர்க்காரன்தான்.

தட்டிக்கு அடியில் நின்ற காமிராவிடம் போனேன். பெட்டிக்குள் ஒரு பிளேட் மீதி இருந்தது. முடிந்துவிட்டது அண்ணாச்சி என்று சொல்லி, ஸ்டாண்டின் கால்களை மடக்க ஆரம்பித்தேன்.